தேறிவிட்டாள் என்றார்கள்

1

எக்ஸ்ரே எடுக்கிற பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மைக்கில் சொன்னாள்: “நன்றாக மூச்சை இழுங்கள். இனி மூச்சு விடாதீர்கள்.”

பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில் என்பதுதான் அதற்கு அர்த்தம். வார்த்தைக்கு வார்த்தை தமிழில் வைத்துப் பார்த்தால்தான் இனிமேல் மூச்சே விடாதே என்று வரும். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இன்னும் சில வாக்கியங்கள் எனக்குள்ளே போய்த் தமிழாக மாறிய பிறகுதான் புரிகின்றன. குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றேன். மூச்சைப் பிடிக்க முடியவில்லை, இருமல் வந்துவிட்டது.

“பரவாயில்லை மேடம், இன்னொரு தடவை எடுப்போம்” என்றாள். அவளுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

நிமோனியா வந்தது போன குளிர்காலத்தில். இப்போது அடுத்த குளிர்காலம் வாசலில் நிற்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் காணைப் பக்கத்திலும் இருக்கும் சொந்தக்காரர்கள் போன் செய்தால் முதல் கேள்வி, “இன்னா செலினு, நல்லாயிட்டியா?” என்பதுதான். நல்லாயிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். வேறு பேச்சுக்குப் போக அது ஒன்றுதான் வழி. இன்னும் ஆகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை என்று விளக்க வேண்டும். நிமோனியாதானே, ஊசி போட்டால் போய்விடுமே என்பார்கள். போய்விடும், உண்மைதான். அது போன பிறகு என்னவெல்லாம் இருக்கும் என்பதை ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

2

பாரிஸுக்கு வெளியே உள்ள ஒரு ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி உட்காரவைப்பது. ஜனவரியில் அங்கே பலருக்கும் சளி, காய்ச்சல். எனக்கும் வந்தது. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஜோசப் பஸ் ஓட்டுகிறவர். அவர் எழுந்து போகும் நேரமும் நான் எழுந்து போகும் நேரமும் வேறு வேறு. ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைப் பார்த்துவிட்டு, “உதடெல்லாம் நீலமா இருக்கே” என்றார்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் ஏறியபோது என் பிரெஞ்சு முழுக்கப் போய்விட்டது. இத்தனை வருஷம் வேலை பார்த்த பாஷை, கடையில் சண்டை போட்ட பாஷை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசிய பாஷை. ஒரு சொல்கூடத் துணைக்கு நிற்கவில்லை. டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். மூச்சு வாங்குகிறது என்று சொல்ல நினைத்தேன். வாங்குவதற்கு உரிய பிரெஞ்சு வார்த்தை மட்டும் எங்கிருந்தோ வந்தது. கடையில் காய்கறி வாங்குவதற்குச் சொல்கிற வார்த்தை. “மூச்சை விலைக்கு வாங்குகிறேன்” என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தில் என் மகள் இசபெல் இருந்தாள். பதினேழு வயது. அவளைப் பார்த்து டாக்டர், “உங்கள் அம்மா என்ன மொழியில் யோசிக்கிறார்? நீங்கள் அவரிடம் பேசிப் பாருங்களேன்” என்றார்.

“எனக்கு அந்த மொழி கொஞ்சம்தான் தெரியும்” என்றாள் இசபெல். “சாப்பிடு, வா, போ, அவ்வளவுதான்.”

அவள் பொய் சொல்லவில்லை. சாப்பிடு, வா, போ என்பதற்கு மேல் நாங்கள் அவளிடம் தமிழில் அதிகம் பேசியதில்லை. வேலை முடிந்து வந்தால் பேசத் தெம்பு இருந்ததில்லை. ஆனாலும் காய்ச்சலின் நடுவே அந்த வாக்கியம் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

3

வீட்டுக்கு அனுப்பும்போது, சில வாரங்களில் தேறிவிடுவீர்கள் என்றார்கள். நானும் நம்பினேன்.

முதலில் போனது ருசி. வாயில் எப்போதும் இரும்பை வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பிறகு தலைமுடி, சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. வேர்வை இன்னொரு தொல்லை. சும்மா படுத்திருக்கும்போதே நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும், மாற்றினால் அதுவும் நனையும். வலது விலாவுக்குக் கீழே ஒரு குத்தல். சிரித்தால், தும்மினால், திரும்பிப் படுத்தால் குத்தும். இருமல் இருந்தது, ஆனால் எதுவும் வெளியே வராது. குரல் கம்மிப்போய், போனில் பேசினால் எதிரில் இருப்பவர்கள் “சார்” என்றார்கள்.

இவையெல்லாம் போகப்போகக் குறைந்தன. களைப்பு மட்டும் குறையவில்லை. களைப்பு என்றால் வேலை செய்துவிட்டு வருகிற களைப்பு இல்லை. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால், துண்டால் கையைத் துடைக்கத் தெம்பு இருக்காது. ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஒரு வெங்காயம் உரித்துவிட்டு இரண்டாவதை எடுக்காமல் வைத்துவிடுவேன். ஒரு நாள் நன்றாக இருக்கும். அன்று துணி மடித்து, குழம்பு வைத்து, கடைக்கும் போய் வருவேன். அதற்குத் தண்டனை போல அடுத்த இரண்டு மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. நல்ல நாள் வந்தால் பயமாக இருந்தது.

மகன் மத்தியாஸுக்குப் பதினான்கு வயது. கதவருகே நின்று காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “அம்மா, இன்னும் எவ்வளவு நாள் இப்படி இருப்பே?” என்று பிரெஞ்சில் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. மழை எப்போது விடும் என்பது போலத்தான் கேட்டான். தெரியாது என்றேன். சரி என்று மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச்சில் வேலைக்குத் திரும்பினேன். அதுதான் முதல் சறுக்கல். ஒரு பாட்டியம்மாவைக் குளியல் நாற்காலியிலிருந்து தூக்கும்போது என் கை இரண்டும் நழுவின. வலிக்கவில்லை, நடுங்கவில்லை, சும்மா விட்டுவிட்டன. பக்கத்தில் இருந்த சக ஊழியர் ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் அந்த அம்மா தரையில் விழுந்திருப்பார். அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. நனைந்த கையால் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். நான் துணி வைக்கும் அறைக்குப் போய் அழுதேன். அழுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

மறுபடி விடுப்பு. விடுப்பு நீண்டால் இங்கே காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கும் டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும், உண்மையிலேயே முடியவில்லையா என்று சோதிப்பதற்கு. கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். நடக்கச் சொன்னார், நடந்தேன். அறை சின்னது, நாலு எட்டில் சுவர் வந்துவிட்டது. “நிமோனியா வாரக்கணக்கில் இருக்கும் மேடம். மாதக்கணக்கில் இருக்காது” என்றார். எனக்கும் அவருக்கும் நடுவே என் எக்ஸ்ரே படம் வெளிச்சத்தில் தொங்கியது. அதில் வெள்ளையாக ஒரு மங்கல் இருந்தது. அது பழைய தழும்பு என்றார்.

4

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் காணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். சொந்த நிலம் கிடையாது. அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆயவும் போய் என்னையும் தங்கை ரோஸியையும் வளர்த்தார். புதுச்சேரியில் இருந்த அத்தை மூலமாக ஜோசப்பின் சம்பந்தம் வந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தொடக்கத்தில் கோயிலில் கல்யாணம், உடனே பிரான்சு.

அந்த வருஷம் ஆவணியில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் விடாமல் அடித்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியா என்று டாக்டர் சொன்னாராம். காணையில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரோஸி அங்கே வந்து நிற்பாள், நான் இங்கிருந்து கூப்பிடுவேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திவிட்டாள்.

“அம்மா தேறிடுச்சுக்கா. வீட்டுக்கு இட்டுகினு வந்துட்டேன்” என்றாள் ஒரு ஞாயிறு.

அடுத்த ஞாயிறும் அதையே சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு, “நல்லா இருக்குது, இன்னிக்கு வேலைக்குக்கூடப் போயிருக்குது” என்றாள். பிறகு தந்தி வந்தது. அது என் கைக்கு வரும்போது அம்மாவைப் புதைத்து முடித்திருந்தார்கள்.

என்னால் போக முடியவில்லை. தங்கும் அனுமதிக்காகக் கொடுத்த காகிதங்கள் அலுவலகத்தில் இருந்தன. அதற்கு நடுவில் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்றார் கவுண்டரில் இருந்தவர். ஜோசப் என் சார்பில் கெஞ்சினார். எனக்கு அப்போது கெஞ்சக்கூட பிரெஞ்சு தெரியாது. அன்று மாலை ஜோசப் வாங்கி வந்த மெழுகுவர்த்தியைச் சமையலறை மேஜையில் ஏற்றி வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

தேறிய அம்மா எப்படி இறந்தார் என்று இத்தனை வருஷமாக எனக்குப் புரிந்ததில்லை. காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள்.

5

ஏப்ரலில் ரோஸி போனில் சொன்னாள்: “அக்கா, நீ இங்க வந்துடு. அங்க குளுருல கிடந்துகினு எப்பிடி ஒடம்பு கூடும்? நான் பாத்துக்கறேன்.”

விடுப்பில் இருப்பவர் நாட்டை விட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். அலுவலகத்தில் என் பெயரே முதல் சிக்கல். ஞானஸ்நானப் பெயர் எது, குடும்பப் பெயர் எது, அப்பா பெயர் ஏன் நடுவில் வந்தது என்று இருபது வருஷமாகக் கேட்கிறார்கள். இந்தத் தடவையும் இரண்டு பெயர்களில் நான் இரண்டு ஆளாக இருந்தேன். ஒருத்திக்கு விடுப்பு இருந்தது, இன்னொருத்திக்கு இல்லை. அதைச் சரிசெய்த பிறகு அந்தப் பெண் கேட்டாள்:

“ஓய்வு எடுக்க எங்கே போகிறீர்கள்?”

“திண்டிவனம்.”

எழுத்துக் கூட்டச் சொன்னாள். சொன்னேன்.

“அங்கே காற்று நன்றாக இருக்குமா?”

சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற பஸ்களும் லாரிகளும் இரவு பகலாகப் புகை விட்டுக்கொண்டு போகும் திண்டிவனம் கூட்டுரோடு கண் முன் வந்தது. “மிகவும் நன்றாக இருக்கும்” என்றேன்.

கிளம்பும் அன்று இசபெல் பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தாள். என்னைக் கட்டிப்பிடித்து, “உன் வீட்டுக்குப் போய் நன்றாக ஓய்வெடு, அம்மா” என்றாள். உன் வீடு என்றுதான் சொன்னாள். அப்போது நாங்கள் நின்றிருந்த வீட்டில்தான் நான் அவளைப் பெற்று வளர்த்தேன். விமானத்தில் அதை நினைத்துக்கொண்டே போனேன்.

6

ரோஸியின் கணவர் அருள் அரசு பஸ்ஸில் கண்டக்டர். திண்டிவனத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே ஒரு தெருவில் சொந்த வீடு, இரண்டு அறை. பெரிய அறையை எனக்கு விட்டுவிட்டு அவர்களும் இரண்டு பிள்ளைகளும் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். அக்கினி வெயில். எனக்கு அந்த வெயில் முதுகில் ஒத்தடம் கொடுப்பது போல இருந்தது. முதல் வாரம் நன்றாகத் தூங்கினேன். வாயிலிருந்த இரும்பு போய், கேப்பைக் கூழுக்கும் கருவாட்டுக்கும் ருசி தெரிந்தது. தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். நிற்காமல் வந்தேன். இசபெலுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன். “சூப்பர்” என்றாள்.

ரோஸி என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. குடிக்கத் தண்ணீர் எடுக்க எழுந்தால், “நீ இன்னாத்துக்கு எழுந்த? கூப்பிட வேண்டிதானே?” என்று டம்ளரைப் பிடுங்கிக்கொள்வாள். தெருமுனை வரை நடந்தது தெரிந்ததும் அப்படி ஒரு கோபம். “யாரு ஒன்ன நடக்கச் சொன்னது? டாக்டரு சொன்னாரா? ஒடம்பே இன்னும் கூடல, அதுக்குள்ள ஊர்கோலம் போறியா?”

“சும்மா படுத்துகினே இருந்தா கால் மரத்துப்போவுதுடி.”

“மரத்துப் போவட்டும்.”

பகலில் நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் வந்து என் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள். தூங்குவது போலவே இருப்பேன். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

மூன்றாவது வாரம் மறுபடி காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை குத்தல் விலாவோடு நிற்காமல் தோள் வரை ஏறியது. இருமினால் கண் இருட்டியது. அருள் நல்ல மனிதர். ஆனால் கூடத்தில் அவர் ரோஸியிடம் தணிந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது.

“இத்தினி மாசமா இருமிக்கினு இருக்காங்க, மெலிஞ்சிகினே போறாங்க. டி.பி. கிபியா இருந்தா இன்னா பண்றது? புள்ளைங்க இருக்குது ரோஸி.”

மறுநாள் காலையிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பிள்ளைகள் “பெரிம்மா” என்று கதவருகே நின்றுதான் கூப்பிட்டார்கள். உள்ளே வரவில்லை. முதியோர் இல்லத்தில் தொற்று வந்தவர்களுக்குத் தனிப் பாத்திரம் வைக்கிறவள் நான்தான். அது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ரோஸி உள்ளே வந்தாள். நான் இரண்டு வாய் சாப்பிட்டு வைத்திருந்த சோற்றுத் தட்டை எடுத்தாள். கழுவத்தான் கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

“அடியே, பைத்தியமா ஒனக்கு? வைடி கீழே.”

“அவரு சொல்லிட்டாரு, புள்ளைங்களுக்காவ தட்டு தனியா வெச்சேன். எனக்கு இன்னா? வந்தா வரட்டும்.”

தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஆட்டோ கூப்பிட எழுந்தாள். “கெளம்பு. விழுப்புரத்துக்குப் போவலாம்.”

7

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. படம் எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். முதுகில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். மேஜைமேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். ரோஸி எதிரில் நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் இறங்கிய நீர் டீ நிறத்தில் இருந்தது. சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வார்டில் இருக்கச் சொன்னார்கள்.

டி.பி. இல்லை என்று இரண்டாம் நாள் மத்தியானம் சொன்னார்கள். பழைய நிமோனியா முழுதாகப் போகாமல் ஒரு மூலையில் தங்கியிருந்து மறுபடி கிளம்பியிருக்கிறது என்றார் டாக்டர். சில பேருக்கு இப்படி ஆகும், நல்ல வேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார். ரோஸி அருளுக்குப் போன் செய்து, “ஒண்ணும் இல்லியாம், கேட்டுக்கினியா?” என்று கத்திச் சொல்லிவிட்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வார்டில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். மேலே மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“அக்கா, அம்மா எப்பிடிச் செத்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?” என்றாள்.

“காய்ச்சல் திரும்பி வந்துச்சுன்னு சொன்னியே.”

“திரும்பி எப்பிடி வந்துச்சு?”

அவள் ஸ்டூலைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரியில இருந்து இட்டுகினு வந்தப்புறம் படுத்துகினே இருக்கும். கஞ்சி குடுத்தா ரெண்டு வாய் குடிச்சிட்டு திரும்பிப் படுத்துக்கும். ஒரு கொடம் தண்ணி எடுத்தாம்மான்னா எழுந்திரிக்காது. தெருவுல எல்லாரும் கேக்கறாங்க, ஒங்கம்மாளுக்குதான் நல்லாயிடுச்சே, இன்னும் இன்னா சொகமா படுத்துகினு இருக்குதுன்னு. எனக்கும் அப்பிடித்தான் தோணிச்சு. காய்ச்சல் இல்ல, இருமலு கொறஞ்சிடுச்சு, அப்புறம் இன்னா? வீட்டுல எல்லா வேலையும் என் தலையில. கூடப் படிச்ச புள்ளைங்க எல்லாம் வாசல் வழியா பள்ளிக்கொடத்துக்குப் போவுதுங்க. ஒரு நாளு தாங்க முடியாம கத்திட்டேன். எத்தினி நாளைக்கு இப்பிடியே படுத்துகினு இருப்ப, எழுந்து நாலு எடம் நடந்தாதான ஒடம்பு கூடும், பொணம் மாதிரி கிடக்கறியேன்னு.”

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“பொணம்னு சொன்னேன்க்கா. அதுக்கு மறுநாளு ஞாயித்துக்கெழம. காலையில அது கூடைய எடுத்துகினு மல்லாட்டை ஆயப் போயிடுச்சு. நான் தடுக்கல. சந்தோஷமாகூட இருந்துச்சு. அன்னிக்குப் பூசை முடிஞ்சிதான் ஒங்கிட்ட போன்ல சொன்னேன், வேலைக்குக்கூடப் போயிருக்குதுன்னு. மத்தியானத்துல மழை புடிச்சிக்கிச்சு. தெப்பலா நனைஞ்சி வந்து நின்னுச்சு. நின்னுகினு, ‘போனேன் பாத்தியாடி’ன்னு சொல்லிச்சு. சிரிச்சிக்கினே சொல்லிச்சு. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள காய்ச்சல்.”

என் கண்ணுக்குள் அம்மா நின்றார். துண்டால் கையைத் துடைக்கத் தெம்பில்லாமல் நான் ஈரத்தோடு உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம் ஞாபகம் வந்தன. அந்த உடம்போடு அம்மா வெயிலேறும் கொல்லைக்காட்டில் குந்திக்கொண்டு, செடியிலிருந்து ஒவ்வொரு மல்லாட்டையாகக் கிள்ளியிருக்கிறார். அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும் என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று தோன்றியது. அதை ரோஸியிடம் எப்படிச் சொல்வது?

“அருளு கிட்டகூட சொன்னதில்ல. கோயில்ல சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட சொன்னதில்ல” என்றாள்.

ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. நர்ஸ் வந்து ஊசி போட்டாள். ரோஸி எழுந்து பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கக் கீழே போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். அதற்குப் பிறகு நான் ஊரில் இருந்தவரை அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒன்றிரண்டு தடவை ஆரம்பிக்கப் பார்த்தேன். “மருந்து போட்டுக்கினியா?” என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

8

ஆகஸ்டில் திரும்பி வந்தேன். தூக்குகிற வேலை இனி முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது முதியோர் இல்லத்தின் துணி அறையில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன், பெயர் நாடா தைக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. முன்பு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பெரியவர்களுக்கு இப்போது நான் யாரென்று மறந்துவிட்டது. இசபெல் படிப்புக்காக வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள், எல்லா ஞாயிறும் இல்லை. மத்தியாஸ் இருக்கிறான். ஹெட்போன் இருக்கிறது.

முதலில் சொன்னேனே, அந்த எக்ஸ்ரேவுக்கு முடிவு வந்தது. வலது பக்கம் கீழ்ப்பகுதி இப்படியேதான் இருக்கும் என்றார் டாக்டர். இதை வைத்துக்கொண்டு வாழப் பழக வேண்டும் என்றார். மாடி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கும், குளிர்காலத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஜோசப்பிடம் சொன்னேன். அவர் என் கோட்டுக்குள் போட்டுக்கொள்ள இன்னொரு கம்பளிச் சட்டை வாங்கி வந்தார்.

நேற்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ரோஸி திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போயிருந்தாள். அம்மாவின் கல்லறையருகே நின்றுகொண்டு போன் செய்தாள். பின்னால் ஆட்கள் பேசும் சத்தமும் ஜெபம் சொல்லும் சத்தமும் கேட்டன.

“மெழுகுவத்தி நிக்கவே மாட்டேங்குதுக்கா. ஏத்த ஏத்த காத்துல அணைஞ்சி போவுது. சுத்தி செங்கல்லு வெச்சிருக்கேன். நீயும் ஒரு ஜெபம் சொல்லு, போன காட்டறேன்.”

“ரோஸி, ஜெபம் அப்புறம் சொல்றேன். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. ஒன் வீட்டுல நான் இன்னா வேலை செஞ்சேன்?”

“நீ இன்னா செஞ்ச? ஒரு டம்ளரு எடுக்க வுட்டேனா நானு?”

“மழையில நனைஞ்சேனா?”

“மழை எங்க இருந்துச்சு, அக்கினி வெயிலு.”

“என்னை யாருனா திட்டினாங்களா? எழுந்து நடன்னு சொன்னாங்களா?”

அந்தப் பக்கம் செங்கல்லை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

“வேளைக்குச் சோறு போட்ட. கட்டில வுட்டு எறங்க வுடல. அப்பவும் எனக்குத் திரும்பி வந்துச்சா இல்லியா? அது உள்ளயே ஒரு மூலையில இருந்துச்சு ரோஸி. டாக்டரு சொல்லும்போது நீயும்தான் பக்கத்துல நின்னுகினு இருந்த. அம்மாவுக்கும் உள்ளயேதான் இருந்திருக்கும். அது மல்லாட்டை ஆயப் போயிருந்தாலும் வந்திருக்கும், போவாம படுத்துகினு இருந்தாலும் வந்திருக்கும். நீ சொன்னதால வரல.”

அம்மாவுக்கும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. படம் எடுத்துப் பார்க்க அம்மா இல்லை. மழையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அன்று படுத்தே இருந்திருந்தால் பிழைத்திருக்கவும் கூடும். ஆனால் படுத்திருந்த எனக்குத் திரும்பி வந்தது உண்மை. இந்த வருஷம் முழுக்க என் உடம்பு பட்டதில் வேறு யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. இந்த ஒன்றை மட்டும் அவளிடம் கொடுக்க முடிந்தது.

போன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“அக்கா” என்றாள்.

“சொல்லு.”

“இன்னொருவாட்டி சொல்லு.”

முதலிலிருந்து சொன்னேன். பாதியில் எனக்கு இருமல் வந்தது, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தேன். சொல்லி முடித்ததும் மறுபடி, “இன்னொருவாட்டி சொல்லுக்கா” என்றாள். மூன்றாவது தடவை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. நான் மூச்சு எடுத்துக்கொள்ளும்வரை அவள் காத்துக்கொண்டு நின்றாள்.